கைபட்டால் வலி போகுமா?

விளையாட்டும் உடம்பும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் முழங்கால் தேய்மானம் பற்றிய ஒரு பதிலில், போகிற போக்கில், “என் அப்பா ஒகேனக்கல்லில் எண்ணெய் மசாஜ் செய்தவர்” என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மசாஜ் பற்றித்தான். முழங்கால்காரர்கள் மன்னிக்க வேண்டும், அடுத்த இதழில் உங்களைக் கவனிக்கிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலிருந்தும் வந்ததில் எட்டை எடுத்துக்கொண்டேன். சிலர் “டாக்டரம்மா” என்று எழுதியிருந்தீர்கள். நான் பிசியோதெரபிஸ்ட். அக்கா என்றே எழுதுங்கள், போதும்.

கேள்வி: அக்கா, போலீஸ் தேர்வுக்காக ஓடிப் பழகுகிறேன். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். எனக்கு 6 நிமிடம் 50 விநாடி ஆகிறது. வாரம் இரண்டு நாள் வத்தல்மலை ரோட்டில் ஏறி இறங்குகிறோம். மறுநாள் மாடிப்படி இறங்க முடியவில்லை, தொடை கல்லாகக் கிடக்கிறது. “மசாஜ் பண்ணினால் லாக்டிக் ஆசிட் வெளியே போயிடும், தேர்வுக்கு முதல் நாள் நல்லா அழுத்தி எடுத்துட்டுப் போ” என்கிறார்கள் கூட ஓடுகிறவர்கள். செய்யலாமா?
(22 வயது வாசகர், நல்லம்பள்ளி)

பதில்: முதல் நாள் வேண்டாம் தம்பி.

பாவம் அந்த லாக்டிக் ஆசிட். செய்யாத குற்றத்துக்கு நம் மைதானங்களில் எத்தனை வருடமாக ஏச்சு வாங்குகிறது! வேகமாக ஓடும்போது அது ரத்தத்தில் ஏறுவது உண்மை. ஆனால் ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிடும். நீங்கள் மலையடிவாரத்தில் டீ குடித்துவிட்டு வீடு வந்து சேர்வதற்குள் அது போய்விட்டது. மறுநாள் காலை வலிக்கு அதை எப்படிப் பிடித்து உள்ளே போடுவது?

குற்றவாளி, நீங்கள் மலை இறங்கிய இறக்கம்தான். தொப்பூர் கணவாயில் லோடு லாரி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறும்போது இன்ஜினுக்கு வேலை, இறங்கும்போது பிரேக்குக்கு வேலை. மலை இறங்கும்போது உங்கள் தொடையின் முன்பக்கத் தசைதான் பிரேக். சுருங்க வேண்டிய தசை, நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. அதில் இழைகளில் நுண்ணிய சிதைவு ஏற்படுகிறது. வலி உடனே தெரியாது. அரை நாள் கழித்து ஆரம்பிக்கும், ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போகும், ஒரு வாரத்தில் மறைந்துவிடும். மசாஜ் அந்த வலியைக் கொஞ்சம் குறைக்கும். உள்ளே நடக்கிற பழுதுபார்ப்பு அதன் போக்கில்தான் நடக்கும், அதற்கு யார் கையும் தேவையில்லை.

இப்போது முதல் நாள் விஷயம். ஆழமாக அழுத்தி எடுக்கும் மசாஜும் தசைக்கு ஒரு பயிற்சி மாதிரிதான். அடுத்த நாள் அதுவே கனக்கும், சிலருக்கு அடித்துப்போட்டது போல இருக்கும். உங்களுக்குக் கையில் இருப்பது பத்தே விநாடி. அதை ஏன் பணயம் வைக்க வேண்டும்? ஆழமான மசாஜ் எடுப்பதாக இருந்தால் தேர்வுக்கு மூன்று நாள் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். தேர்வு அன்று காலை வேண்டுமானால் நண்பர் ஒருவர் கெண்டைக்காலையும் தொடையையும் பத்து நிமிடம் லேசாக, வேகமாக நீவி விடட்டும். எண்ணெய் கூட வேண்டாம். அப்புறம் நடந்து, மெதுவாக ஓடி, உடம்பைச் சூடாக்குங்கள். சூடாக்குவதை விட்டுவிட்டு மசாஜை மட்டும் வைத்துக்கொண்டால் பிரயோஜனமில்லை.

அதைவிட முக்கியம், இறக்கத்தைக் குறைப்பது. ஏறுங்கள், இறங்கும்போது நடங்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் தசை அந்த வேலையைக் கற்றுக்கொள்ளும், அடுத்தடுத்த முறை இவ்வளவு வலிக்காது. தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மலையை மறந்துவிடுங்கள். கடுமையான பயிற்சிக்குப் பின் சிறுநீர் கட்டங்காபி நிறத்தில் போனால் மட்டும் அது சாதாரண வலி இல்லை. தசை அளவுக்கு மீறிச் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிற நிலை அது. மசாஜ் செய்கிறவரிடம் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கேள்வி: ஓசூரில் ஒரு கம்பெனியில் நின்றபடி வேலை. ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட். திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போய்வந்த பிறகு இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக இருக்கிறது. கிரிக்கெட்டில் நரம்பு இழுத்துக்கொண்டது என்று நினைத்து வீட்டில் தினமும் தைலம் போட்டு உருவி விடுகிறார்கள். குறையவில்லை.
(வாசகர், ஓசூர்)

பதில்: கடிதத்தில் எண் இருந்ததால் இதழ் வரும்வரை காத்திருக்காமல் அன்றே பேசிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே: ஒரு கால் மட்டும் வீங்குகிறது, சூடாக இருக்கிறது, நீண்ட நேரம் உட்கார்ந்து பயணம் செய்ததற்குப் பிறகு வந்தது என்றால் அந்தக் காலில் யாரும் கை வைக்கக் கூடாது. ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். உருவினால் அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம், உயிரே போகலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் டாப்ளர் ஸ்கேன் பார்க்க வேண்டும். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு குத்தினாலோ உடனே 108. இந்த வாசகருக்கு ஸ்கேனில் உறைந்த ரத்தம் இருந்தது, இப்போது மாத்திரையில் இருக்கிறார். அவர் மனைவியிடம், “நீங்கள் பாசத்தில்தான் உருவினீர்கள், அழாதீர்கள்” என்று இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

கேள்வி: உங்கள் அப்பா ஒகேனக்கல்லில் செய்ததும் நீங்கள் இப்போது தர்மபுரியில் செய்வதும் ஒன்றா, வேறா? நாங்கள் வாலிபால் குழு. வருடம் ஒரு முறை அருவிக்குப் போய், பாறையில் படுத்து எண்ணெய் தேய்த்துக்கொள்வோம். உடம்பு பஞ்சாகிவிடும். அப்புறம் ஸ்போர்ட்ஸ் மசாஜ் என்று தனியாக எதற்குச் செலவு?
(வாலிபால் குழுத் தலைவர், காரிமங்கலம்)

பதில்: வருடம் ஒரு முறை போகிற சந்தோஷத்தை நான் கெடுப்பேனா? போய் வாருங்கள். மீன் வறுவலையும் விட்டுவிட வேண்டாம்.

அப்பா அந்தப் பாறைகளில் முப்பது வருடம் நின்றவர். தலையில் ஆரம்பித்துப் பாதத்தில் முடிப்பார். முதுகில் இரண்டு கையாலும் தட்டுவார் பாருங்கள், தண்ணீர் இரைச்சலையும் மீறி அந்தச் சத்தம் பரிசல் துறைவரைக்கும் கேட்கும். அதற்கு அவர் வைத்த பேர் ‘தாளம்’. கல்லூரிக்குப் போனபோது அதே தட்டலை ‘டபோட்மான்’ என்று பரீட்சைக்கு உருப்போட்டேன். நீவினால் ‘எஃப்ளூராஜ்’, பிசைந்தால் ‘பெட்ரிசாஜ்’. எல்லாம் பிரெஞ்சுப் பேர்கள். அவற்றை வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் என்று 19ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமில் இருந்த யோஹான் மெட்ஸ்கர் என்ற டாக்டரைச் சொல்கிறார்கள். ஊருக்குப் போய் அப்பாவிடம் இதை ஒப்பித்தேன். “பேரு என்னவா இருந்தா என்ன, பாறை வழுக்காம இருக்கணும்” என்றார்.

ஆக, கை அசைவுகளில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் எங்கே என்றால், அப்பா வந்தவர் எல்லோருக்கும் உடம்பு முழுக்கச் செய்வார். சுகத்துக்குச் செய்வது அது. ஸ்போர்ட்ஸ் மசாஜில் நான் முதலில் கேள்வி கேட்பேன். என்ன ஆட்டம், எந்த இடத்தில் நிற்கிறீர்கள், அடுத்த மேட்ச் எப்போது? உங்கள் குழுவில் ஸ்மாஷ் அடிக்கிறவர் வந்தால் என் கை அவர் தோள்பட்டையின் பின்பக்கத்திலும் முன்கையிலும்தான் இருக்கும். குதித்துக் குதித்துத் தரையில் இறங்குகிறவர் என்பதால் தொடையும் கெண்டைக்காலும் பார்ப்பேன். வயிற்றுக்கும் தலைக்கும் போகவே மாட்டேன். அரை மணி நேரத்தில் இருபது நிமிடம் ஒரே இடத்தில் கூடப் போகும். எண்ணெயும் குறைவு. கை சறுக்கிக்கொண்டே போனால் எந்த இடம் இறுகிக் கிடக்கிறது என்று விரலுக்குத் தெரியாது. கால், கையில் நீவுவது இதயத்தை நோக்கி இருக்கும். அழுத்தும்போது வலிக்கலாம், ஆனால் நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்கிற அளவுக்கு வலித்தால் நான் அதிகமாக அழுத்துகிறேன் என்று அர்த்தம். “வலிக்க வலிக்கத்தான் குணமாகும்” என்பதை நம்பாதீர்கள். வலியில் தசை இன்னும் இறுகத்தான் செய்யும்.

கேள்வி கேட்பதை நான் கல்லூரியில் கற்றதாக நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் அப்பாவும் எண்ணெயைக் கையில் ஊற்றுவதற்கு முன் மூன்று கேட்பார். “சாப்பிட்டு எவ்ளோ நேரமாச்சு? எங்கியாவது அடிபட்டிருக்கா? சக்கரை, பிரஷர் இருக்கா?” ஒரு முறை பெங்களூரிலிருந்து வந்த ஒருவர், நன்றாகக் குடித்திருந்தார், இரண்டு மடங்கு பணம் தருகிறேன் என்றார். அப்பா தொடவில்லை. “தண்ணி போட்டவருக்கு வலிச்சா சொல்லத் தெரியாது. எந்திரிச்சா வழுக்கி விழுவார்.” நான் அப்போது பத்தாம் வகுப்பு, பரீட்சைப் பணம் கட்ட வேண்டிய வாரம். அவரோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.

அவரிடம் எனக்கு ஒத்துவராதது ஒன்றே ஒன்று, கழுத்தில் சொடக்கு எடுப்பது. திடீரென்று கழுத்தைத் திருகினால், அபூர்வமாகத்தான் என்றாலும், மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். இதை வைத்து அவரோடு இரண்டு வருடம் சண்டை போட்டேன். கடைசியில் கழுத்தை விட்டுவிட்டார், விரல் சொடக்கோடு நின்றுகொண்டார். நீங்களும் அருவிக்குப் போனால் கழுத்துக்கு வரும்போது மட்டும் “வேண்டாம்ணே” என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நான் கபடியில் கேட்சர். மூன்று வாரத்துக்கு முன் ரைடரின் முழங்கால் என் தொடையில் பலமாக இடித்தது. ரத்தக்கட்டு. எங்கள் ஊரில் நன்றாக உருவி விடுகிறவர் ஒருவர் இருக்கிறார். தினமும் சூடான எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்த்தார். வீக்கம் வடிந்தது. ஆனால் உள்ளே கல் மாதிரி ஒரு கட்டி நிற்கிறது, முழங்காலைப் பாதிக்கு மேல் மடக்க முடியவில்லை. இன்னும் எத்தனை நாள் உருவ வேண்டும்?
(26 வயது வாசகர், ஊத்தங்கரை)

பதில்: ஒரு நாள்கூட வேண்டாம். படித்த கையோடு நிறுத்திவிடுங்கள்.

இந்தக் கடிதத்தை நான் நான்கைந்து முறை படித்தேன், ஏனென்றால் இது என் கதை. கல்லூரியில் இரண்டாம் வருடம், கபடி. நான் ரைடு போனேன், எதிரணிப் பெண்ணின் முட்டி என் வலது தொடையில் இறங்கியது. ஆட்டம் முடிந்ததும் மைதானத்தில் இருந்த ஒருவர், உதவி செய்கிற நல்ல எண்ணத்தில்தான், வலி போகும் தைலத்தைக் கொட்டிக் கட்டைவிரலால் தேய் தேய் என்று தேய்த்தார். மறுநாளும் தேய்த்தார். பிசியோதெரபி படிக்கிற பெண் நான், வாயை மூடிக்கொண்டு காலை நீட்டிக்கொண்டிருந்தேன், அடுத்த வாரம் ஃபைனல் ஆட வேண்டுமே! சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். அப்பா புறங்கையைத் தொடையில் வைத்துப் பார்த்தார். “கொதிக்குது. இதை யாருடி தேய்ச்சது?” என்றார். எண்ணெய் தேய்த்துப் பிழைக்கிற மனிதர், என் காலில் ஒரு சொட்டு எண்ணெய் வைக்கவில்லை. ஈரத்துணியைச் சுற்றிப் படுக்க வைத்தார். ஒரு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் தொடை எலும்புக்குப் பக்கத்தில் பஞ்சு மேகம் போல ஒரு நிழல். சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட எனக்கு நான்கு மாதம் ஆனது.

என்ன நடக்கிறது என்றால், இடி படும்போது தசை எலும்போடு நசுங்கி உள்ளே ரத்தம் தேங்குகிறது. சும்மா விட்டால் பெரும்பாலும் உடம்பே அதை உறிஞ்சிக்கொள்ளும். ஆறாத புண்ணைத் தேய்த்து, சூடு காட்டி, வலுக்கட்டாயமாக மடக்கினால் திரும்பத் திரும்பக் காயம் படுகிறது, ரத்தம் கசிகிறது. சிலருக்கு உடம்பு குழம்பிப்போய் அந்த இடத்தில் எலும்பை உருவாக்க ஆரம்பித்துவிடுகிறது. சதைக்குள் எலும்பு. ‘மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ்’ என்று டாக்டர்கள் எழுதுவார்கள். உங்களுக்கு அதுதான் என்று கடிதத்தை வைத்து நான் சொல்லக் கூடாது. ஆனால் மூன்று வாரம், கல் மாதிரி கட்டி, மடங்காத முழங்கால் என்று கேட்டதும் சந்தேகப்பட வேண்டும். எலும்பு டாக்டரிடம் போய் எக்ஸ்ரே எடுங்கள். இப்போது தெளிவாகத் தெரியாவிட்டால் இரண்டு வாரம் கழித்துத் திரும்ப எடுக்கச் சொல்வார். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே அடங்கிவிடும், அறுவைக்குப் போவது குறைவு. அதுவரை வலிக்காத அளவுக்கு மட்டும் நீட்டி மடக்குங்கள். யாரும் உங்கள் காலைப் பிடித்து மடக்க விடாதீர்கள்.

தொடையில் இடி பட்டால் முதல் இரண்டு மூன்று நாள் செய்ய வேண்டியதை உங்கள் குழுவினருக்குச் சொல்லிவையுங்கள். ஆட்டத்தை அதோடு நிறுத்துவது, ஐஸைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வைத்து எடுப்பது, கிரேப் பேண்டேஜ் சுற்றுவது, முடிந்தவரை முழங்காலை மடக்கிய நிலையில் வைத்து ஓய்வெடுப்பது. ஒத்தடம், சூடான எண்ணெய், உருவுதல், சாராயம், நான்கும் கிட்டே வரக் கூடாது. புளியும் உப்பும் கொதிக்க வைத்துப் பற்றுப் போடுகிறார்களே என்று கேட்பீர்கள். ஆறிய பற்று ஒன்றும் செய்யாது. கொதிக்கக் கொதிக்கப் போட்டால் தோல் வெந்துபோகும், பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு உருவி விட்டவரோடு சண்டைக்குப் போக வேண்டாம். கழுத்துப் பிடிப்புக்கும் மூச்சுப்பிடிப்புக்கும் அவர் கை நல்ல கையாகவே இருக்கலாம். ரத்தக்கட்டுக்கு அந்தக் கை ஆகாது, அவ்வளவுதான்.

கேள்வி: ஆன்லைனில் மசாஜ் கன் வாங்கியிருக்கிறேன். எங்கே வைக்கலாம்?
(ஐ.டி. ஊழியர், கிருஷ்ணகிரி)

பதில்: சதை இருக்கிற இடத்தில், குறைந்த வேகத்தில், ஓர் இடத்தில் ஒன்றிரண்டு நிமிடம். தொடை, கெண்டைக்கால், பிட்டம் சரி. கழுத்தின் முன்பக்கம், பக்கவாட்டு, முதுகெலும்பு, முழங்கால் சில்லு, அடிபட்ட இடம் இவற்றில் வைக்கக் கூடாது. தூங்கிக்கொண்டிருக்கும் தம்பியின் விலாவிலும் வைக்காதீர்கள், அப்படி ஒரு கேஸ் என்னிடம் வந்தது.

கேள்வி: என் மகளுக்குப் பதினான்கு வயது. பள்ளிக் கபடி அணியில் இருக்கிறாள். பயிற்சி முடிந்ததும் பயிற்சியாளரே பெண் பிள்ளைகளைப் பொருள் வைக்கும் அறைக்குக் கூப்பிட்டு, தொடைக்கு மசாஜ் செய்துவிடுகிறாராம். “விளையாட்டில் இதெல்லாம் சகஜம்” என்கிறாராம். மகள் இப்போது பயிற்சிக்கே போக மாட்டேன் என்கிறாள். கேட்டால் அணியிலிருந்து எடுத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. இது சகஜம்தானா?
(ஒரு தாய். ஊர்ப் பெயரை எடுத்துவிட்டோம்)

பதில்: சகஜம் இல்லை அம்மா. உங்கள் மகள் போக மறுப்பதே உங்களுக்கும் எனக்கும் போதுமான செய்தி.

பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் தினமும் மசாஜ் தேவையே இல்லை. சரியான சாப்பாடு, தூக்கம், ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடாக்குவது போதும். அடிபட்டுச் சிகிச்சை தேவைப்பட்டால் என்னைப் போன்றவர்கள் எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறேன், ஒப்பிட்டுப் பாருங்கள். பிள்ளையின் அம்மாவோ அப்பாவோ அறைக்குள்ளேயே இருப்பார்கள். கதவைத் தாழ்ப்பாள் போட மாட்டேன். ஆட்ட உடையோடுதான் படுக்கச் சொல்வேன். எங்கே கை வைக்கப் போகிறேன், ஏன் என்று முதலில் பிள்ளையிடம் சொல்வேன், அது “சரி” என்றால்தான் தொடுவேன், “போதும்” என்றால் அந்த நொடியே எடுத்துவிடுவேன். பயிற்சி கொடுக்கிறவரே தனியறையில் இதைச் செய்வது எந்த முறையிலும் சேராது.

மகளிடம், “நீ சொன்னது சரி, உன் மேல் ஒரு தப்பும் இல்லை” என்று இன்றைக்கே சொல்லுங்கள். துருவித் துருவிக் கேட்க வேண்டாம், அவள் சொல்வதைக் கேளுங்கள். பிறகு 1098க்குப் பேசுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. 2012ஆம் வருடத்து போக்சோ சட்டப்படி பிள்ளையின் பெயரை யாரும் வெளியிடக் கூடாது. தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். அணியைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள். உங்களைத் தொடர்புகொள்ளும்படி ஆசிரியர் குழுவிடம் சொல்லியிருக்கிறேன், நானும் கூட வருகிறேன்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியன். மசாஜ் விளையாட்டுத் திறனைக் கூட்டும் என்பதற்கு நிரூபணம் உண்டா, அல்லது சுகமாக இருப்பதால் நாமாக நம்பிக்கொள்கிறோமா?
(வாசகர், தர்மபுரி)

பதில்: நீங்கள் கேள்வித்தாளைக் கடினமாகத்தான் எடுப்பீர்கள் போலிருக்கிறது சார். திறனைக் கூட்டும் என்பதற்கு நிரூபணம் இல்லை.

2020இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில் 29 ஆய்வுகளை, 1,012 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். வலு, தாவல், ஓட்ட வேகம், தாக்குப்பிடிக்கும் சக்தி எதுவும் மசாஜால் கூடியதாகத் தெரியவில்லை. உடம்பு வளைந்துகொடுப்பதில் சிறிய முன்னேற்றம், பயிற்சிக்குப் பிந்தைய வலியில் சிறிய குறைவு, இரண்டும் தெரிந்தன. 2010இல் கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் கைப்பிடிப் பயிற்சி செய்தவர்களின் முன்கையை அளந்தபோது, மசாஜ் ரத்த ஓட்டத்தை இடையிடையே தடுத்து லாக்டிக் ஆசிட் வெளியேறுவதைத் தாமதமாக்கியது. நல்லம்பள்ளித் தம்பி இதையும் படிக்கட்டும். மறுபக்கம், 2012இல் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பதினொரு இளைஞர்களைச் சோர்ந்து விழும்வரை சைக்கிள் மிதிக்க விட்டு, ஒரு காலுக்கு மட்டும் பத்து நிமிடம் மசாஜ் செய்து, இரண்டு தொடையிலிருந்தும் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். மசாஜ் செய்த காலில் அழற்சிக்கான அறிகுறிகள் குறைவாக இருந்தன. லாக்டிக் ஆசிட் அளவில் வித்தியாசம் இல்லை. பதினொரு பேர் என்பது கொஞ்சம், அதையும் சொல்லிவிடுகிறேன். போதாததற்கு, மருந்துகளைச் சோதிக்கும்போது சிலருக்கு மருந்துக்குப் பதில் சர்க்கரை மாத்திரை கொடுத்து ஏமாற்றுவது போல இங்கே ஏமாற்ற முடியாது. மசாஜ் வாங்குகிறவருக்கு மசாஜ் வாங்குகிறோம் என்று தெரியுமே!

பின் ஏன் செய்கிறேன்? மறுநாள் படியிறங்க முடியாமல் தவிக்கிறவருக்குக் கொஞ்சம் வலி குறைந்தாலும் அது லாபம்தானே. இன்னொன்றை யாரும் அளந்து எழுதியதாக நான் பார்த்ததில்லை. அரை மணி நேரம் ஒருவர் கையில் போன் இல்லாமல் குப்புறப் படுத்திருந்தால் பேச ஆரம்பித்துவிடுகிறார். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பத்து கிலோமீட்டர் ஓடுகிற பையன், ஷூவின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருப்பதைக் கவனிக்காத பெண், வலி மாத்திரை போட்டுக்கொண்டே மூன்று டோர்னமென்ட் ஆடியவர் எல்லோரும் எனக்குத் தெரியவந்தது மேஜையில்தான். அவர்களைச் சரிசெய்தது மசாஜ் இல்லை, அந்தப் பேச்சு. இதற்குக் காசு வாங்குகிறவள் நான், அதனால் என் கருத்தில் நீங்கள் ஒரு பங்கு கழித்துக்கொள்ளலாம்.

கேள்வி: நான் எந்த ஆட்டமும் ஆடுகிறவள் இல்லை. பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி தூக்குகிறேன். 48 வயது. பெட்டி 25 கிலோவுக்குக் குறையாது. வலது தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ராத்திரி பேத்தியை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வேன். உங்கள் கடையில் விளையாட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் பார்ப்பீர்களா? (மகன் எழுதியது)
(பாலக்கோடு)

பதில்: வாங்கக்கா. ஒரு நாளைக்கு நூறு பெட்டி என்று வைத்துக்கொண்டாலும் இரண்டரை டன். என்னிடம் வருகிற பளு தூக்கும் பையன்கள் இதைக் கேட்டால் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். தசைக்கு மைதானம் எது, மார்க்கெட் எது என்று தெரியாது.

பேத்தி மிதிப்பதை மட்டும் நிறுத்திவிடுங்கள். சின்னப் பிள்ளை நேராக முதுகெலும்பின் மேல்தான் கால் வைக்கும். மாதவிலக்கு நிற்கிற வயதில் எலும்பு பலம் குறைய ஆரம்பிக்கும், முறிந்தால் பெரிய தொந்தரவு. அதற்குப் பதில் பேத்தி விளையாடுகிற ரப்பர் பந்தை வாங்கி, சுவருக்கும் தோளின் பின் சதைக்கும் நடுவில் வைத்து, சாய்ந்து நின்று மெல்ல உருட்டுங்கள். கெட்டியான இடம் வந்தால் அங்கேயே நிறுத்தி நாலைந்து மூச்சு விடுங்கள். வெந்நீர்த் துணி ஒத்தடம் உங்களுக்கு ஆகும், இது பழைய இறுக்கம், புது அடி இல்லை.

எப்போதும் வலது தோளிலேயே பெட்டியை ஏற்றாமல் மாற்றி மாற்றி ஏற்றுங்கள். கீழிருந்து எடுக்கும்போது எதிரில் ஓர் ஆள் பிடித்தால் பாதி பாரம் போய்விடும். கை விரல்வரை மரத்துப்போனாலோ, பெட்டி தூக்கும்போது நெஞ்சை இறுக்கினாலோ என்னிடம் வருவதற்கு முன் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வாருங்கள். வெறும் வயிற்றில் சர்க்கரையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை இருக்கிறவர்களுக்குத் தோள் இறுகிப்போவது அதிகம்.

மார்க்கெட் முடிந்து மத்தியானத்துக்கு மேல் வந்தால் கூட்டம் இருக்காது. தர்மபுரியில் பென்னாகரம் ரோட்டில் மாடியில் இருக்கிறேன், பதினான்கு படி. கீழே வாசலில் ஒரு பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், “சாப்பிட்டு எவ்ளோ நேரமாச்சு, எங்கியாவது அடிபட்டிருக்கா, சக்கரை, பிரஷர் இருக்கா” என்று கேட்பார். அவருக்குப் பதில் சொல்லிவிட்டு மேலே வாருங்கள்.